நுழைவுத் தேர்வில் இலக்கணம்: பழவேற்காட்டில் நான் கற்றது

(நமது சங்கத்தின் பொங்கல் விழாவில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



உங்களில் பலருக்கு நான் மூன்றாம் மாடி இங்கிலீஷ் வாத்தியார். பணி ஓய்வுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள ஒரு மீனவக் குப்பத்துக்குப் போய் வருகிறேன். பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ். பிளஸ் 2 படிக்கும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வருவார்கள்.

நம் மாநிலத்தில் இன்ஜினியரிங் சேர பிளஸ் 2 மதிப்பெண் போதும். பொன்னேரி மீன்வளக் கல்லூரிக்கும் அப்படித்தான். ஆனால் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்கு 2022 முதல் கியூஇடி என்ற பொது நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. அதில் மொழித்தாளைத் தமிழிலும் எழுதலாம். 13 மொழிகளில் தமிழும் ஒன்று. எந்தப் படிப்புக்கு எந்தத் தாள் என்று பல்கலைக்கழகம் சொல்வதை விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். ஆங்கிலத் தாள் என்றால் பத்தியைப் படித்து விடை சொல்வது, கலைந்த வாக்கியத்தை ஒழுங்குபடுத்துவது, சரியான சொல்லைத் தேர்வது என்று கேள்விகள் வரும். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். இப்போது 60 நிமிடத்தில் 50 கேள்விகள். ஒரு கேள்விக்கு 72 விநாடி. எல்லாம் கம்ப்யூட்டரில்.

நம் குடியிருப்பில் வெளிநாட்டுப் படிப்புக்காக எஸ்ஏடி எழுதும் பிள்ளைகளும் உண்டு. அதில் நிறுத்தக்குறியையே நேரடியாகக் கேட்பார்கள். இரண்டு தேர்வுக்கும் அடிப்படை ஒன்றுதான். குப்பத்தில் நான் கற்ற மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, எழுவாய். 'தி பாஸ்கெட் ஆஃப் கிராப்ஸ் ஆர் ஹெவி.' இதில் என்ன பிழை என்று கேட்டேன். கிராப்ஸ் பன்மை, அதனால் 'ஆர்' சரி என்றார்கள் பிள்ளைகள். பேச்சுத் தமிழில் ஒரு படகும் 'வந்துச்சு', பத்துப் படகும் 'வந்துச்சு'. அதனால் அவர்கள் காதுக்கு எதுவும் உறுத்தவில்லை. நான் விதியைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவியின் அம்மா, என்ன கேள்வி என்று விசாரித்தார். மகள் தமிழில் சொன்னாள். "நண்டு எத்தனை இருந்தா என்ன சார், நான் தூக்குறது ஒரு கூடைதானே?" என்றார் அந்த அம்மா. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் அந்த விதிக்குக் 'கூடைக் கணக்கு' என்று பெயர். கூடைதான் எழுவாய். ஆகவே 'இஸ்'.

இரண்டாவது, வினைமுற்று. 'படகு வந்தது, மீனை விற்றோம்' என்று தமிழில் காற்புள்ளி போட்டு எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதையே ஆங்கிலத்தில் 'தி போட் கேம், வீ சோல்ட் தி ஃபிஷ்' என்று எழுதினால் தேர்வில் பிழை. இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளி மட்டும் தாங்காது. முற்றுப்புள்ளி வேண்டும், அல்லது அரைப்புள்ளி, அல்லது காற்புள்ளியோடு 'அண்ட்'. குறியைப் பார்க்கும் முன் எழுவாயோடு கூடிய வினைமுற்று எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மூன்றாவது, காற்புள்ளி பொருளையே மாற்றும் இடம். 'தி ஃபேமிலீஸ் ஹூ லாஸ்ட் நெட்ஸ் வில் கெட் ரிலீஃப்.' வலை இழந்த குடும்பங்களுக்கு மட்டும் நிவாரணம். அதே வாக்கியத்தில் 'ஹூ லாஸ்ட் நெட்ஸ்' என்பதற்கு முன்னும் பின்னும் காற்புள்ளி வைத்தால், எல்லாக் குடும்பங்களும் வலை இழந்தன, எல்லோருக்கும் நிவாரணம் என்று ஆகிவிடும். புயல் வந்தால் வலை போகும் ஊரில் இதை விளக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "அப்போ நோட்டீஸைச் சரியாப் படிக்கணும் சார்" என்றான் ஒரு பையன். தேர்வு முடிந்த பிறகும் அவனுக்கு அது உதவும்.

இனி என் தவறையும் சொல்லிவிடுகிறேன். கூடைக் கணக்குச் சொன்ன அந்த அம்மாவின் மகள் போன வருடம் கியூஇடி எழுதினாள். இலக்கணம் நன்றாகவே தெரியும். நான் இரண்டு மாதமும் கரும்பலகையில்தான் பாடம் நடத்தினேன். அவள் மவுஸைக் கையில் பிடித்ததே தேர்வறையில்தான். திரையில் பத்தியை மேலும் கீழும் நகர்த்திப் படிப்பதற்குள் நேரம் போய்விட்டது. கடைசி 14 கேள்விகளை அவள் பார்க்கவே இல்லை. கேட்ட படிப்பு கிடைக்கவில்லை. என்னிடம் அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

இந்த வருடம் மறுபடி எழுதுகிறாள். கூட இன்னும் நான்கு பேர். நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரித் தேர்வை எத்தனையோ முறை திரையில் எழுதிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்த ஐந்து பேருக்கும் அதே பழக்கம் கிடைக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

உங்கள் அலமாரியில் பழைய லேப்டாப் இருந்தால், ஓடுகிற நிலையில் இருந்தால், சங்க அலுவலகத்தில் கொடுங்கள். அதைவிட முக்கியம் ஆள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும். இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. எஸ்ஏடி எழுதும் நம் பிள்ளைகள் வந்தால் இரு தரப்புக்கும் நல்லது.

பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு பழைய முறை உண்டு. நல்ல இடத்தை ஒருவரே பிடித்துக்கொள்ளாமல், உரிமையுள்ள குடும்பங்கள் முறைவைத்து வலை போடுவார்கள். நாமும் ஞாயிற்றுக்கிழமைகளை அப்படிப் பகிர்ந்துகொள்ளலாம். எல்லா வாரமும் யாரும் வர வேண்டாம். மே மாதத்துக்குள் ஆளுக்கு ஒரு பாடு போதும்.

பெயர் எழுதும் நோட்டு வாசலில் காவலரிடம் இருக்கிறது. வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் கிளம்புகிறேன். காரில் மூன்று இடம் காலி.