சோதனையில் ஈமானும் இல்லறமும்





புகழனைத்தும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியன. ஸலாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

பெருந்துன்பம் நேரும்போது மனிதனின் ஈமான் சோதிக்கப்படுகின்றது என்பதை நாம் அறிவோம். அதே வேளையில் அவனது குடும்பமும் சோதிக்கப்படுகின்றது என்பதையோ பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். இவ்விரு சோதனைகளையும் ஒருங்கே சந்தித்தவர்கள் நபி அய்யூப் (அலை) அவர்கள். அன்னாரின் வரலாற்றை அல்குர்ஆனின் 21ஆம் அத்தியாயமான ஸூரத்துல் அன்பியாவும், 38ஆம் அத்தியாயமான ஸூரா ஸாதும் சுருக்கமாகவே கூறுகின்றன. நோயின் பெயரோ, அது நீடித்த காலமோ அங்கு கூறப்படவில்லை. கதை சொல்வோர் சேர்த்த விவரங்களை ஒதுக்கிவிட்டு, இறைவேதம் கூறுவதை உற்று நோக்குவோம்.

அய்யூப் (அலை) அவர்கள் தமது துன்பத்தை மறைக்கவில்லை. தம்மைத் துன்பம் தீண்டிவிட்டதென இறைவனிடம் முறையிட்டார்கள். கருணையாளர்களுக்கெல்லாம் பெருங் கருணையாளன் அவனே என்பதையும் அதனுடன் சேர்த்தே கூறினார்கள். 'எனக்கேன் இதனைச் செய்தாய்?' என்று வினவவில்லை. இவ்வாறு முறையிட்டவரைத்தான் அல்லாஹ் பொறுமையாளர் எனப் பாராட்டுகின்றான். ஆகவே, நோவைத் தாங்க முடியாது அல்லாஹ்விடம் அழுவது ஸப்ருக்கு முரணானதன்று.

பின்னர் அன்னாருக்குக் குளிக்கவும் பருகவும் குளிர்ந்த நீர் வழங்கப்பட்டது. குடும்பத்தாரும், அவர்களுடன் அவர்களைப் போன்றோரும் அருளப்பட்டனர். அதனைத் தொடர்ந்து ஒரு கட்டளை வருகின்றது: ஒரு பிடி புல்லை எடுத்து அதனால் அடிக்க வேண்டும், செய்த சத்தியத்தை முறிக்கலாகாது.

இதன் பின்னணியை முஃபஸ்ஸிர்கள் விளக்கியுள்ளனர். அய்யூப் (அலை) அவர்கள் நோயுற்றிருந்த காலத்தில் மனைவி மீது சினமுற்று, குணமடைந்தால் நூறு அடி அடிப்பதாகச் சத்தியம் செய்திருந்தார்கள். ஏனையோர் விலகிய வேளையிலும் விலகாது பணிவிடை புரிந்தவர் அந்த மனைவியே! சத்தியமும் நிறைவேற வேண்டும். அப்பெண்மணிக்கு நோவும் ஏற்படலாகாது. அதற்கான வழியை அல்லாஹ்வே காட்டிக் கொடுத்தான். வேதனையில் பிறந்த ஒரு சொல், உண்மையாய் உழைத்த ஓர் உறவைக் காயப்படுத்த அவன் விடவில்லை.

நேயர்களே! 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையை நம்மால் மறக்க இயலுமா? நமது நாட்டில் முப்பதாயிரத்துக்கும் அதிகமானோரைக் கடல் காவு கொண்டது. அவர்களுள் மிகக் கூடுதலானோர் அம்பாறை மாவட்டத்தினர். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கரையோர வீதிகள் பல அடையாளமின்றிப் போயின.

அன்று கைப்பிடியிலிருந்து பிள்ளை நழுவிப் போன ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். 'நீ ஏன் கையை விட்டாய்?' என்று கணவர் ஒரேயொரு முறை கேட்டுவிட்டால் போதும். அலை வடிந்துவிடும்; அச்சொல் வடியாது. கேட்டவரும் பிள்ளையைப் பறிகொடுத்த வாப்பாதான். இருவரும் ஒரே துயரத்தின் இரு கரைகளில் நிற்கின்றனர். புல்லுப் பிடியின் படிப்பினை இத்தகைய இல்லங்களுக்கே உரியது. சொன்னவர் மன்னிப்புக் கோரட்டும். கேட்டவர் அது நோவின் குரல் என்று விளங்கிக் கொள்ளட்டும்.

அயலவர்களும் தம் நாவைப் பேணுதல் வேண்டும். 'செய்த பாவத்துக்குத் தண்டனை' என்று தீர்ப்புக் கூற நமக்கு என்ன உரிமை உண்டு? துன்பம் பாவத்தின் அடையாளமாயின், நபியாகிய அய்யூப் (அலை) அவர்களுக்கு அது வந்திருக்குமா? நீரில் மூழ்கி மரணித்தவரை ஷஹீத்களின் வரிசையில் வைத்தவர்கள் நம் நபியவர்கள் அல்லவா?

கப்றருகே அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு நபி (ஸல்) அவர்கள் பொறுமையை எடுத்துரைத்தார்கள். அன்னாரை இன்னாரென்று அறியாத அப்பெண், தன் துயரம் உமக்கு நேரவில்லையே, விலகிச் செல்லும் என்றார். நபியவர்கள் சினக்கவில்லை, வாதிடவுமில்லை. பின்னர் அவர் தேடி வந்தபோது, பொறுமை என்பது முதல் அதிர்ச்சியின் போதே என்பதை மாத்திரம் உணர்த்தினார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவான சம்பவம் இது. மூத்தா போரில் ஜஃபர் (ரழி) அவர்கள் ஷஹீதான செய்தி கிடைத்தபோதோ, அவர்களின் வீட்டாருக்கு உணவு சமைக்குமாறு பணித்தார்கள். துயருற்றோருக்கு முதலில் தேவைப்படுவது உபதேசமன்று. ஒரு வேளைச் சோறும், அருகிலிருக்கும் ஓர் உறவுமே.

ஆகவே, இன்றிரவு நமது இல்லங்களில் துயரத்தினால் பேசாதிருக்கும் இருவர் இருப்பின், அவர்களுள் ஒருவர் முந்திக்கொண்டு ஸலாம் கூறட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் துன்பங்களில் எங்கள் ஈமானையும் எங்கள் குடும்பங்களையும் காத்தருள்வாயாக! ஆமீன்.