மருந்துக்கு முன்னால் தண்ணீர்

ஃபைட்டர் மீன் வளர்க்கும் வீடுகளில் இப்போதெல்லாம் மீன் இருக்கிற பாட்டில் சின்னது, மருந்து இருக்கிற அலமாரி பெரியது. வால் ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தால் போதும். இன்றைக்கு மெத்திலின் ப்ளூ நாலு சொட்டு. நாளைக்கு மஞ்சள் பொடி. அதற்கும் மறுநாள் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய டெட்ராசைக்ளின். அப்புறம், மீன் அடியில் படுத்துவிட்டது என்று கவரில் போட்டு எடுத்துக்கொண்டு வருவார்கள். சென்னையில் கொளத்தூர்ப் பக்கம் மீன் வளர்க்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லிச் சலித்துக்கொள்வார்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. மருந்துக்கு முன்னால் தண்ணீர். வால் கிழிந்த ஃபைட்டருக்கு முதல் வைத்தியம் சுத்தமான, வெதுவெதுப்பான தண்ணீர். பெரும்பாலான மீன்களுக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படாது.

என்ன கிழிசல் என்று முதலில் பாருங்கள். எதிலாவது மாட்டிக் கிழிந்திருந்தால் நேர்க்கோடாகப் பிளந்திருக்கும், ஓரத்தில் நிறம் மாறாது. மீன் தன் வாலைத் தானே கடித்திருந்தால், ராத்திரியோடு ராத்திரியாக அரைவட்டத் துண்டு ஒன்று காணாமல் போயிருக்கும். அழுகல் என்றால் ஓரம் கறுத்தோ சிவந்தோ பிசிறுபிசிறாக இருக்கும், நாளுக்கு நாள் உள்ளே போகும். இந்த அழுகலைச் செய்கிற ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் வகை பாக்டீரியாக்கள் எந்தத் தொட்டியிலும் இருப்பவைதான். மீன் தெம்பாக இருக்கும்வரை அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. மீனின் தெம்பு எதனால் போகிறது? தண்ணீர் கெடுவதால்.

இந்தத் தண்ணீர் விஷயத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கிறது. மிச்சத் தீனி அழுகினாலும் அம்மோனியாதான். ஃபில்டரில் நல்ல பாக்டீரியா குடியேறிய தொட்டியில் அது நைட்ரைட்டாகி, பிறகு நைட்ரேட்டாகி, ஆபத்து அடங்கும். ஒரு லிட்டர் பாட்டிலில் அதற்கு வழியே இல்லை. ‘ஃபைட்டர் மேலே வந்து காற்றைக் குடிக்குமே, சின்ன பாட்டில் போதாதா?’ என்பார்கள். குடிக்கும், உண்மைதான். அதற்கென்றே தலைக்குள் லாபிரிந்த் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. ஆனால் காற்று வெளியிலிருந்து வருகிறது. அம்மோனியாவோ உள்ளேயே கிடக்கிறது. தாய்லாந்தில் இந்த மீன் பிறந்து வளர்ந்த நெல்வயலும் சதுப்பும் ஆழத்தில்தான் குறைச்சல், பரப்பில் இல்லை.

தண்ணீரில் காரமும் வெப்பமும் ஏற ஏற அம்மோனியாவின் விஷமும் ஏறும். சென்னையில் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பும் காரமுமாக வருகிறது. வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆக, குளிர்ந்த ஊரில் ஒரு மீன் தாங்கிக்கொள்கிற அழுக்கை இங்கே தாங்காது. டெட்ராசைக்ளின் பிரியர்களுக்கும் இங்கே ஒரு செய்தி இருக்கிறது. உப்புத்தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் அந்த மருந்தைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். மருந்து கரைந்ததாகத் தெரியும், வேலை பாதிகூட நடக்காது.

நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். பத்து லிட்டருக்குக் குறையாத தொட்டி. வேகமில்லாத ஸ்பாஞ்ச் ஃபில்டர். வால் ஆறும்வரை தினமும் கால் பங்குத் தண்ணீரை மாற்றுவேன். ஏர் டியூபை அடிமட்டத்துக்கு விட்டு, கழிவோடு சேர்த்து உறிஞ்சி எடுத்துவிடுவேன். புதுத் தண்ணீரை ஒரு நாளும் மொத்தமாகக் கொட்டமாட்டேன். வாளியை உயரத்தில் வைத்து, அதே டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கினால் தண்ணீர் சொட்டுச்சொட்டாக இறங்கும். நான் பேப்பர் படித்து முடிக்கும்போது தொட்டி நிறைந்திருக்கும். இத்தனை வருஷ மீன் வளர்ப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இந்த முடிச்சை இறுக்குவதுதான். மீனுக்குத் தண்ணீர் மாறியதே தெரியக்கூடாது.

குழாயில் வருவது மெட்ரோ வாட்டர் என்றால் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்த வாளியில் வைத்தால் குளோரின் போய்விடும். குளோரமின் கலந்திருந்தால் அப்படிப் போகாது. அதற்குக் கடையில் விற்கிற ஆன்டி குளோரின் சொட்டு மருந்தைத் தண்ணீரில் ஊற்றுங்கள். நான் எதிர்க்காத ஒரே பாட்டில் அதுதான். சூட்டையும் கவனிக்க வேண்டும். சித்திரை மாதம் மத்தியானத்தில் மொட்டைமாடி டேங்க் தண்ணீரில் கை வைக்க முடியாது. விடிகாலையில் பிடித்து நிழலில் வையுங்கள். தொட்டியில் 26 முதல் 28 டிகிரி இருந்தால் நல்லது. மார்கழியில் சின்ன ஹீட்டர் ஒன்று போடலாம்.

ஒருமுறை ஒரு கல்லூரிப் பையன் என்னிடம் மீனைக் கொண்டுவந்தான். கவர் முழுக்க நீலம், உள்ளே மீன் இருப்பதே தெரியவில்லை. “அண்ணே, மருந்து சொல்லுங்க” என்றான். “உங்க வீட்டுக் குழாய்லயே வருது தம்பி” என்றேன். முகம் சுருங்கிவிட்டது. டியூபும் காய்ந்த பாதாம் இலையும் கொடுத்து அனுப்பினேன். சில வாரம் கழித்து ஓடி வந்தான். “அண்ணே, வால் ஓரத்துல வெள்ளையா பூஞ்சை பிடிச்சிருக்கு, ப்ளூ ஊத்திடட்டுமா?” கவரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். பூஞ்சையும் இல்லை, ஒன்றும் இல்லை. கண்ணாடி மாதிரி புதுத் தோல் முளைத்திருந்தது. புது வால் முதலில் நிறமில்லாமல்தான் வரும், நிறம் பிறகுதான் ஏறும். ஆறுகிற நேரத்தில் மருந்தை ஊற்றி எத்தனை பேர் கெடுத்திருக்கிறார்கள், தெரியுமா? திரும்பச் சொல்கிறேன்: ஓரத்தில் நிறமில்லாமல் மெல்லிசாகத் தெரிந்தால், அது வளர்கிற வால்.

பாதாம் இலை என்று சொன்னேனே, அது நம் தெருக்களில் நிழலுக்கு நிற்கிற நாட்டு வாதுமை. தானே பழுத்து உதிர்ந்த இலையைக் கழுவிக் காயவைத்து, பத்து லிட்டருக்கு உள்ளங்கை அளவு போடுங்கள். தண்ணீர் தேநீர் நிறமாகும், மீன் அமைதியாகும். அதில் டானின் இருக்கிறது. மருந்து என்று சத்தியம் செய்யமாட்டேன், ஆனால் இலை இல்லாமல் என் தொட்டி எதுவும் இல்லை. உப்பு போடுவதானால் கல் உப்பு, நாலு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், தனியே கரைத்து ஊற்றி, பத்து நாளுக்கு மேல் போகாமல்.

வால் அழுகல் உடம்பை நெருங்கினாலோ, உடம்பில் பஞ்சு மாதிரி படிந்தாலோ, மீன் தீனியைத் தொடாவிட்டாலோ, அப்போது மருந்துதான். தனித் தொட்டியில், மீன் வைத்தியம் தெரிந்தவரைக் கேட்டுச் செய்யுங்கள். பஞ்சு படிந்த மீனுக்குச் சூட்டை மட்டும் ஏற்றாதீர்கள், சூட்டில் அது இன்னும் வேகமாகப் பரவக்கூடும்.

பிளாஸ்டிக் செடி போடுகிறவர்கள் அதை ஒரு பழைய ஷிஃபான் துப்பட்டாவில் தேய்த்துப் பாருங்கள். நூல் மாட்டினால் வாலும் மாட்டும். கண்ணாடி காட்டி மீனைச் சிலிர்க்க வைக்கிற விளையாட்டை வால் ஆறும்வரை நிறுத்திவையுங்கள்.

கடைசியாக என் சொந்த ருசி. ஹாஃப்மூன் என்று 180 டிகிரி விரிகிற வாலை 1980களில் உருவாக்கினார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாரத்தை இழுத்துக்கொண்டு நீந்துகிற மீன் களைத்துப்போகிறது. வாலைக் கடிக்கிற வழக்கமும் அந்த ஜாதியில்தான் அதிகம் பார்க்கிறேன். குட்டை வால் பிளாகட்டைப் பாருங்கள், அம்பு போல ஓடும். வீட்டில் ஹாஃப்மூன்தான் வேண்டுமென்று பிள்ளைகள் அடம்பிடித்தால், கடையில் பாட்டிலைக் கையில் எடுத்து வால் ஓரத்தை ஒரு சுற்றுப் பாருங்கள். சில மீன்களுக்குப் பிறவியிலேயே ஓரம் கறுப்பாக இருக்கும், அது பரவாயில்லை. கறுப்போடு பிசிறும் இருந்தால் அடுத்த பாட்டிலைக் கேளுங்கள்.