முகத்தைப் பார்த்தாலே தெரியாதா?

கடன் திருப்பம் பத்திப் பேசச் சொன்னாங்க. நான் ஒரு முகத்தைப் பத்திப் பேசப் போறேன். அதுவும் கடன் விஷயம்தான்.

எங்க குழுவுக்கு ஒரு அக்கா புதுசா வந்தாங்க. வந்த வாரமே ஒருத்தர் என் காதுல, "பழைய குழுவுல காசை அமுக்கிட்டு வந்தவ"ன்னு போட்டுட்டாங்க. அதுல இருந்து கூட்டத்துல உட்கார்ந்தா என் கண்ணு அவங்க மேலேயே நிக்கும். சிரிச்சா நடிப்புன்னு தோணும். தலை குனிஞ்சா திருட்டு முழி. கறவை மாட்டுக்குக் கடன் கேட்டாங்க. "முகத்தைப் பார்த்தாலே தெரியலையா?"ன்னு சொன்னது நான்தான். தீர்மானப் புத்தகத்துல 'ஒத்திவைப்பு'ன்னு எழுதினோம்.

மூணு மாசம் கழிச்சுப் பழைய குழுவோட பேரேட்டைப் பார்த்தோம். ஒரு தவணைகூடப் பாக்கி இல்லை.

காலேஜ்ல உளவியல் படிக்கிற என் மகள்கிட்ட இதைச் சொல்லி அழுதேன். அவ ஒரு ஆராய்ச்சியைச் சொன்னா. 2011-ல் அமெரிக்காவில் லிசா ஃபெல்ட்மன் பாரெட் என்ற அம்மாவும் கூட்டாளிகளும் செய்தது. சிரிப்போ கோபமோ இல்லாத சாதாரண முகங்களைக் காட்டி, ஒவ்வொன்றோடும் ஒரு வரி சொன்னார்கள். ஒருவர் நல்லது செய்தார்; ஒருவர் சும்மா தெருவில் நடந்தார்; ஒருவர் கூடப் படிக்கிறவர் மேல் நாற்காலியை வீசினார், இப்படி. பிறகு ஒரே நேரத்தில் ஒரு கண்ணுக்கு முகத்தையும் இன்னொரு கண்ணுக்கு வீட்டையும் காட்டினார்கள். அப்படிக் காட்டினால் மூளைக்கு ரெண்டும் சேர்ந்து தெரியாது, மாறி மாறித்தான் தெரியும். கெட்டது கேட்ட முகம்தான் மத்த முகங்களை விட அதிக நேரம் கண்ணில் நின்றதாம். நேரில் பார்த்தது கிடையாது, பேசியது கிடையாது. கேட்டது ஒரே வரி!

ஏமாத்துறவங்ககிட்ட இருந்து நம்மைக் காப்பாத்தத்தான் மூளை இப்படி வேலை செய்யுதுன்னு அவங்க நினைக்கிறாங்க. சரிதான். ஆனா அந்த ஒரு வரி பொய்யா இருந்தாலும் மூளை அதே வேலையைத்தான் செய்யுது.

இப்ப எங்க குழுவுல கடன் மனு வந்தா முதல்ல பேரேட்டைத் திறக்கிறோம், அப்புறம்தான் பேச்சு.

அந்த அக்காவுக்கு அடுத்த கூட்டத்துலேயே கடன் குடுத்தோம். ஆனா உண்மையைச் சொல்லணும், கணக்கு தெரிஞ்ச பிறகும் அவங்க முகம் எனக்கு உடனே மாறலை. மாடு கன்னு போட்டதும் சீம்பால் சாப்பிடக் கூப்பிட்டாங்க. திண்ணையில பக்கத்துல உட்கார்ந்தேன். சிரிச்சா அவங்க கன்னத்துல குழி விழும்னு அன்னைக்குத்தான் பார்த்தேன். அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் இதைப் பேசறேன். மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்காங்க.