வசதிக் கொடிகளும் கடற்கரை மக்களும்



2025 மே 25 அன்று, கேரளக் கடற்கரைக்கு அப்பால் அரபிக்கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் சரக்குக் கப்பல் மூழ்கியது. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்கு வந்துகொண்டிருந்த அக்கப்பலில் 640 கன்டெய்னர்கள் இருந்தன. 13 கன்டெய்னர்களில் ஆபத்தான சரக்கு. அவற்றுள் 12இல் தண்ணீர் பட்டால் தீப்பற்றும் வாயுவை வெளியிடும் கால்சியம் கார்பைடு. எரிபொருள் தொட்டிகளில் 84 டன்னுக்கு மேல் டீசலும் 367 டன் உலை எண்ணெயும் இருந்தன. கடலோரக் காவல்படையும் கடற்படையும் 24 மாலுமிகளையும் உயிருடன் மீட்டன. அது ஒன்றுதான் ஆறுதல்.

அடுத்த சில நாள்களில் கொல்லம், ஆலப்புழை, திருவனந்தபுரம் கரைகளில் கன்டெய்னர்கள் ஒதுங்கின. வெண்ணிறப் பிளாஸ்டிக் குருணைகள் குமரிக் கடற்கரை வரை வந்து சேர்ந்தன. கப்பல் மூழ்கிய இடத்தைச் சுற்றி மீன்பிடிக்கத் தடை விதிக்கப்பட்டது. கடலுக்குப் போக முடிந்தவர்கள் பிடித்து வந்த மீனை வாங்கவும் ஆள் தயங்கினர். மாநில அரசு இதனைப் பேரிடராக அறிவித்து, பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு 1,000 ரூபாயும் 6 கிலோ அரிசியும் இடைக்கால உதவியாக அறிவித்தது. இந்தச் செலவை முதலில் ஏற்றது மாநிலத்தின் கருவூலம். ஏற்றிருக்க வேண்டியவர் யார் என்ற கேள்வியிலிருந்துதான் சர்வதேசக் கடல் சட்டத்தின் வர்க்கத்தன்மை தெரியத் தொடங்குகிறது.

கப்பல் கட்டப்பட்டது 1997இல். மாலுமிகளில் பெரும்பான்மையோர் பிலிப்பைன்ஸ் நாட்டவர். தலைமை மாலுமி ரஷ்யர். கப்பலை இயக்கிய நிறுவனம் உலகின் மிகப்பெரிய கன்டெய்னர் கப்பல் நிறுவனம். அதன் தலைமையகம் கடற்கரையே இல்லாத சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் இருக்கிறது. கப்பலில் பறந்ததோ மேற்கு ஆப்பிரிக்காவின் ஏழை நாடாகிய லைபீரியாவின் கொடி.

இந்த ஏற்பாட்டிற்கு ஒரு வரலாறு உண்டு. 1920களில் அமெரிக்கக் கப்பல் முதலாளிகள் தம் நாட்டின் மதுவிலக்குச் சட்டத்திலிருந்தும், பின்னர் மாலுமிகளுக்குரிய ஊதியச் சட்டங்களிலிருந்தும் தப்புவதற்காகப் பனாமா கொடிக்கு மாறினர். 1948இல் லைபீரியாவின் கப்பல் பதிவேட்டை உருவாக்கியவர், அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் ஸ்டெட்டினியஸ். அப்பதிவேட்டை இன்றும் ஒரு தனியார் நிறுவனம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலிருந்து நடத்துகிறது. லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் ஆகிய மூன்று கொடிகளின்கீழ் மட்டும் உலக வணிகக் கப்பல்களின் கொள்ளளவில் 40 சதவிகிதத்திற்கு மேல் பதிவாகியுள்ளது. இவற்றையே தொழிற்சங்க இயக்கம் ‘வசதிக் கொடிகள்’ என்றழைக்கிறது. யாருக்கு வசதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் இதனை அறியாமல் இல்லை. கப்பலுக்கும் அதன் கொடிக்குரிய நாட்டிற்கும் இடையே ‘உண்மையான பிணைப்பு’ இருக்க வேண்டும் என 1958ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தமும், 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தின் 91ஆவது பிரிவும் கூறுகின்றன. அப்பிணைப்பு எது என்று இரண்டுமே சொல்லவில்லை. உரிமையிலும் மாலுமிகளிலும் கொடி நாட்டிற்குப் பங்கு வேண்டும் எனச் சற்றேனும் வரையறுக்க முயன்ற 1986ஆம் ஆண்டு ஐ.நா. ஒப்பந்தம், போதிய நாடுகள் ஏற்காததால் நடைமுறைக்கே வரவில்லை. வளர்முக நாடுகள் வற்புறுத்திக் கேட்ட ஒப்பந்தம் அது. 1999இல் ‘சைகா’ கப்பல் வழக்கில் சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம் இன்னும் ஒரு படி சென்றது. பிணைப்பு இல்லை என்று காட்டி ஒரு கப்பலின் பதிவை வேறு நாடுகள் மறுக்க முடியாது என்றது. கொடி விற்பனைக்கு இவ்வாறு சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது.

எல்சா 3 வழக்கில் நிறுவனம் முன்வைத்த வாதங்களுள் ஒன்று கவனத்திற்குரியது. கப்பல் மூழ்கிய இடம் கரையிலிருந்து 14 கடல் மைலுக்கும் அப்பால் இருக்கிறது. பிராந்தியக் கடல் எல்லை 12 கடல் மைல்தான். ஆகவே மாநில அரசுக்கு வழக்குத் தொடர உரிமையில்லை என்பதே அது. எண்ணெயும் குருணையும் அந்த எல்லைக்கோட்டைக் கேட்டு நின்றனவா? அதே கடல் சட்ட ஒப்பந்தம், 200 கடல் மைல் வரையிலான பொருளாதார மண்டலத்தில் கடற்சூழலைக் காக்கும் அதிகாரத்தைக் கரையோர நாட்டிற்கு வழங்கியுள்ளது. விபத்துக்குள்ளான கப்பலால் கரைக்கு ஆபத்து நேருமானால் தலையிடும் உரிமையையும் அது ஏற்கிறது.

கேரள அரசு உயர்நீதிமன்றத்தில் 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கோரியது. அதில் சூழல் மாசுக்காகக் கேட்கப்பட்டது 8,626 கோடி. மீனவர்களின் பொருளாதார இழப்புக்கு 526 கோடி. எல்சா 3 கடலடியில் கிடந்ததால், அதே குழுமத்தைச் சேர்ந்த எம்.எஸ்.சி. அகிடெட்டா 2 என்ற வேறொரு கப்பலைத் தடுத்துவைக்க 2025 ஜூலையில் நீதிமன்றம் ஆணையிட்டது. 2017ஆம் ஆண்டின் கடல்சார் வழக்குச் சட்டம் இதற்கு வழிசெய்கிறது. செப்டம்பரில் பிணைத்தொகை 1,227.62 கோடி ரூபாயாகக் குறைக்கப்பட்டது. கையில் பிடிக்க ஒரு கப்பல் துறைமுகத்தில் இருந்ததால்தான் இந்தத் தொகையாவது பேச்சுக்கு வந்தது. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு தனிக் கம்பெனியைப் பதிவு செய்துகொள்வது இத்தொழிலின் வழக்கம். கப்பல் மூழ்கினால் அக்கம்பெனியின் சொத்தும் மூழ்கிவிடும்!

சேதத்தின் அளவு எதுவாயினும் கப்பல் உரிமையாளரின் பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்பது இன்னொரு கவசம். 1734இல் கப்பல் உரிமையாளர்களின் கோரிக்கையை ஏற்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இதன் மூதாதை. இன்றைய சர்வதேச ஒப்பந்தமும் வரம்பை அழிவின் அளவைக் கொண்டு கணக்கிடுவதில்லை. கப்பலின் டன் அளவைக் கொண்டு கணக்கிடுகிறது. 2021இல் கொழும்புக்கு அருகே எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்து சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை கடலில் கலந்தது. லண்டன் நீதிமன்றம் ஏறத்தாழ 1.9 கோடி பவுண்டை வரம்பாக ஏற்றது. இலங்கை உச்சநீதிமன்றமோ 2025 ஜூலையில் 100 கோடி டாலர் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. இவ்விரு தொகைகளுக்கும் இடையிலான தூரம், யார் கணக்குப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அந்தப் பேரழிவுக்குப் பிறகும் குருணையைப் பாதுகாப்பாக ஏற்றிச்செல்வது குறித்துச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2024இல் வெளியிட்டது வெறும் பரிந்துரை. கட்டாய விதி அல்ல.

கரையில் உள்ளோருக்கு இந்நிலை என்றால், கப்பலில் உள்ளோரின் நிலை வேறல்ல. ஊதியமும் உணவும் தராமல், ஊருக்கு அனுப்பவும் செய்யாமல், மாலுமிகளைக் கப்பலோடு கைவிட்டுவிடும் உரிமையாளர்கள் பெருகிவருகின்றனர். சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் கணக்குப்படி 2024இல் இவ்வாறு கைவிடப்பட்டோர் 3,000 பேருக்கு மேல். நாடுவாரியாக அதில் முதலிடம் இந்தியர்களுக்கு. பெரும்பாலானவை வசதிக் கொடிக் கப்பல்கள். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தை இந்தியா 2015இல் ஏற்றது. அதன் திருத்தம், கைவிடப்பட்டோருக்கு நான்கு மாத ஊதியம் வரை காப்பீடு கட்டாயம் என்கிறது. கொடி நாடு கண்ணை மூடிக்கொண்டால் அந்தக் காப்பீட்டுச் சான்று வெறும் காகிதம்.

ஒன்றிய அரசு இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. 1980களின் இறுதியில் இந்தியாவின் அயல் வணிகச் சரக்கில் சுமார் 40 சதவிகிதம் இந்தியக் கப்பல்களில் சென்றது. இன்று பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எஞ்சியிருக்கும் பொதுத்துறை நிறுவனமாகிய ஷிப்பிங் கார்ப்பரேஷனை விற்க 2019இல் அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது. எல்சா 3 மூழ்கி மூன்று மாதம் ஆகுமுன் நிறைவேற்றப்பட்ட புதிய வணிகக் கப்பல் சட்டம், 1958ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்த உரிமைக் கட்டுப்பாடுகளைத் தளர்த்துகிறது. இந்தியக் கொடியின்கீழ் கப்பல்கள் கூடும் என்பது அரசின் விளக்கம். லைபீரியாவும் பனாமாவும் கப்பல்களைக் கூட்டியது இதே வழியில்தான்.

எக்கொடி பறந்தாலும், தன் துறைமுகத்திற்குள் வரும் கப்பலில் ஏறிச் சோதிக்கவும், குறை கண்டால் வெளியேற விடாமல் நிறுத்தவும் துறைமுக நாட்டிற்கு உரிமை உண்டு. விழிஞ்ஞத்திற்கும் கொச்சிக்கும் தூத்துக்குடிக்கும் இது பொருந்தும். அதற்குப் போதிய ஆய்வாளர்களை நியமிப்பதா, கப்பல் நிறுவனங்களின் நேரத்தை மிச்சப்படுத்துவதா என்பதை முடிவு செய்யும் இடம் ஜெனீவா அல்ல, புதுதில்லி. மீனவர் சங்கங்களும் துறைமுகத் தொழிலாளர் சங்கங்களும் மாலுமிகளின் சங்கங்களும் ஒரே மேடையில் நின்று முதலில் எழுப்ப வேண்டிய கோரிக்கை இந்த ஆய்வாளர் நியமனமே.