கடல் கடந்த ஏலம்

(பரிசளிப்பு விழாவில் பள்ளியின் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். எனக்கு முன்னால் பேசிய மூவரும் அதை நன்றாகவே பேசிவிட்டார்கள். நான் வேறொன்றைப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். போன மாதம் சுங்கை பஞ்சாங் கடைத்தெருவில் இந்தப் பள்ளிப் பையன் ஒருவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "தாத்தா, ஜப்பானிலே ஒரு பழைய பொம்மைக் கார் ஏலத்துக்கு வந்திருக்கு. மூணே டாலர்தான். எடுக்கட்டுமா?" என்று கேட்டான். கையில் அவனுடைய அப்பாவின் கைத்தொலைபேசி. நான் முப்பது ஆண்டு அஞ்சல் நிலையத்தில் பொட்டலங்களோடு புழங்கியவன் என்பதால் என்னிடம் கேட்டானாம். "தபால் செலவு எவ்வளவுடா?" என்றேன். பார்த்தான். இருபத்தெட்டு டாலர்! பையன் முகம் தொங்கிப் போச்சு. அவனுக்காகத்தான் இந்தப் பேச்சு.

ஏலம் நமக்குப் புதிதா? இல்லீங்க. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் அம்மன் கையில் வைத்த எலுமிச்சம் பழத்தை ஏலம் விட்டதை நாம் பார்த்திருக்கிறோம். கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பழத்தை நூறு வெள்ளிக்கு எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. பாசார் மாலாமில் "லெலோங், லெலோங்" என்று தொண்டை கிழியக் கூவுகிறார்களே, அதுவும் ஏலம்தான். போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல்.

இன்னொரு ஏலமும் உண்டு. நம் தாத்தா பாட்டிமார் விடியுமுன் வெட்டிய பால், சீட்டாகிக் கப்பலேறி, லண்டனில் மின்சிங் லேன் என்ற தெருவில் ஏலத்துக்குப் போனது. 1911-இலிருந்து சிங்கப்பூரிலும் ரப்பர் ஏலம் நடந்தது. அந்த ஏலத்தில் நம்மவர் குரல் கொடுத்தது கிடையாது. அங்கே விலை ஏறினால் தோட்டத்துரை சிரிப்பார். 1930-களின் தொடக்கத்தில் விலை படுத்தபோது, பல்லாயிரம் தொழிலாளர்களைக் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். எங்கோ யாரோ கேட்ட விலைக்கு இங்கே நம் லயத்தில் அடுப்பு அணைந்தது. இன்றைக்கு நிலைமை தலைகீழ். ஏலம் கேட்கும் இடத்தில் நம்ம பிள்ளைகளின் கட்டை விரலே நிற்கிறது. அதனால்தான் அதன் சூட்சுமம் நமக்குத் தெரிய வேண்டும் என்கிறேன்.

1995-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பியர் ஒமிட்யார் என்ற இளைஞர் ஓர் ஏலத் தளத்தை இணையத்தில் தொடங்கினார். அதுதான் பிறகு ஈபே ஆயிற்று. அதில் முதலில் விலைபோன பொருள் என்ன தெரியுமா? உடைந்து போன லேசர் விளக்கு. பதினான்கு டாலர் எண்பத்து மூன்று காசுக்கு ஒருவர் எடுத்தார். உடைந்தது என்று தெரிந்தேதான் எடுத்தாராம். உடைந்தவற்றைச் சேர்ப்பது அவருக்கு ஒரு பழக்கம். உலகத்தில் எதற்கும் ஓர் ஆள் இருக்கிறான் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

கோயில் ஏலத்தில் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று இழுப்பார்கள். இன்னொருவர் கை தூக்கினால் ஏலம் நீளும். ஈபே போன்ற தளங்களில் அப்படி இல்லை. குறித்த நாள், குறித்த நொடியில் முடிந்தது முடிந்ததுதான். உங்களுடைய உச்ச விலையை முன்கூட்டியே இரகசியமாக எழுதி வைக்கலாம். நீங்கள் ஐம்பது வெள்ளி என்று எழுதி, மற்றவர் முப்பது என்று எழுதினால், உங்கள் காசில் ஐம்பதும் போகாது. முப்பதுக்குக் கொஞ்சம் மேலே, முப்பத்தொன்றோ என்னவோ, அதில் பொருள் உங்களுக்கு விழும். இயந்திரமே உங்களுக்காகப் படிப்படியாகக் கேட்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒன்று: கேட்ட விலை கேட்டதுதான். "சும்மா அழுத்திப் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு நகர முடியாது.

இப்படி விளக்குகிற நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் அப்பா பால்மரம் வெட்டியவர். போர் முடிந்த காலத்தில் பெரிய கிராணி வீட்டில் சாவி கொடுக்கும் கிராமபோன் பெட்டி ஒன்று இருந்ததாம். தீபாவளிக்கு அதில் தியாகராஜ பாகவதர் பாட்டுப் போடுவார்களாம். லயத்துப் பிள்ளைகள் வாசலில் உட்கார்ந்து கேட்பார்களாம். 1944-இல் வந்து சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' படத்தின் பாட்டுத்தான் அப்பாவுக்கு உயிர். சாகும் வரை அதை முணுமுணுத்தார். 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் ஓர் ஏலத் தளத்தில் அந்தப் படத்து இசைத்தட்டு கண்ணில் பட்டது. விற்பவர் இங்கிலாந்துக்காரர். தொடக்க விலை ஐந்து பவுண்டு. இருபது பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். மனதுக்குள் நினைத்தேன், தாளில் எழுதவில்லை. அங்கேதான் பிசகு.

ஏலம் முடிவது லண்டனில் ஞாயிறு இரவு ஒன்பது மணி. குளிர்காலத்தில் நமக்கு அது திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து. அந்தக் காலத்தில் பெரட்டுக்குப் போகிற நேரம்! விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். இருபது என்றேன், யாரோ தாண்டினார். இருபத்தைந்து, தாண்டினார். முப்பத்திரண்டு, தாண்டினார். அந்த ஆள் யார், ஆணா பெண்ணா, எந்த நாடு, ஒன்றும் தெரியாது. ஆனால் எனக்கு அவர் மேல் ரோஷம் வந்துவிட்டது. என் அப்பா பாட்டை எடுக்க நீ யார் என்று கோபம்! கடைசி நொடிகளில் நாற்பத்தாறு பவுண்டுக்கு எனக்கே விழுந்தது. தபால் செலவு இருபத்திரண்டு பவுண்டு. அதற்கு மேல் வரி. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ நானூற்று முப்பது வெள்ளி. அப்போது நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,500 வெள்ளி. ஒரு தொழிலாளி ஒரு வாரத்துக்கு மேல் செம்பனைக் குலை தள்ளிச் சம்பாதிக்கும் பணம் ஐயா, அது.

கதை அதோடு முடியவில்லை. பிப்ரவரி நடுவில் பொட்டலம் வந்தது. மெல்லிய உறை. நான் அதைப் பிரிக்கவில்லை. மார்ச் கடைசியில் அப்பாவின் திதி. அண்ணன், தங்கை, பேரப்பிள்ளைகள் எல்லாரும் கூடியிருக்கும்போது பிரிக்கலாம் என்று சாமி மாடத்தின் கீழ் வைத்தேன். படையல் முடிந்து பிரித்தேன். மூன்று துண்டு. அந்தக் காலத்து இசைத்தட்டு அரக்கில் செய்தது. அப்பளம் போல நொறுங்கும். கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்துப் பெட்டியில் அனுப்ப வேண்டியதை, ஒற்றை அட்டையோடு உறையில் போட்டிருந்தார் அந்த மனிதர். தளத்துக்கு எழுதினேன். பொருள் வந்து முப்பது நாளுக்குள் சொல்லியிருந்தால் பணம் திரும்பியிருக்கும், நாள் கடந்துவிட்டது என்று பதில் வந்தது. விதி முன்பே எழுதியிருந்தது, நான் படிக்கவில்லை. முப்பது ஆண்டு கவுண்டரில் நின்று "பிரித்துப் பாருங்கம்மா, இப்பவே பிரித்துப் பாருங்க" என்று ஊருக்கு உபதேசம் செய்தவன் நான்தான்!

தங்கை ஒன்றும் சொல்லவில்லை. துண்டுகளைத் திரும்ப உறையில் போட்டு வைத்தாள்.

வரி என்றேனே, அதைப் பற்றிச் சிலர் கேட்பீர்கள். 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்து, வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் ஐந்நூறு வெள்ளி அல்லது அதற்குக் குறைந்த பொருளுக்கும் பத்து விழுக்காடு விற்பனை வரி உண்டு. பதிவு பெற்ற விற்பனையாளரோ தளமோ பணம் கட்டும்போதே அதைப் பிடித்துக்கொள்ளும். ஐந்நூறைத் தாண்டினால் சுங்க இலாகா கணக்குப் போடும். அதில் தபால் செலவும் சேரும். ஆகவே ஏலத்தில் காட்டும் விலையை விலை என்று எண்ணாதீர்கள். அது வாசற்படிதான்.

அடுத்தது, தாய்மார்களே, உங்களுக்கு. பூச்செடி, விதை, கிழங்கு என்று அயல்நாட்டிலிருந்து வரவழைக்க ஆசைப்படுகிறீர்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் அவை நாட்டுக்குள் வரக் கூடாது; 1976-ஆம் ஆண்டின் பயிர்த் தடுப்புக்காப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஒரு சின்ன விதைக்கு இவ்வளவு கெடுபிடியா என்று கேட்காதீர்கள். நம்மை இந்த மண்ணுக்கு இழுத்து வந்ததே விதைதான். 1876-இல் விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து எழுபதாயிரம் ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். முளைத்தவற்றில் இருபத்திரண்டு கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. மலாயாத் தோட்டங்கள் பிறந்தன. அதே பிரேசிலில் 1928-இல் ஃபோர்டு பெரிய தோட்டம் போட்டார். இலைக்கருகல் நோய் வந்து மரங்களை மொட்டையாக்கியது. 1945-இல் விட்டுவிட்டுப் போனார். அந்த நோய் தென்னமெரிக்காவை விட்டு நம் பக்கம் வந்துவிடக் கூடாது என்றுதான் விமான நிலையத்தில் செடியைப் பிடுங்குகிறார்கள். பையன்களே, அசல் போலவே இருக்கும் பொம்மைத் துப்பாக்கியும் தடைதான். அது வந்தால் அப்பா ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருக்கும்.

ஏமாற்றுக்காரர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. தளத்துக்கு வெளியே, "புலனத்தில் பேசுவோம், நேராக என் கணக்கில் போடு, விலை குறைக்கிறேன்" என்று எவனாவது சொன்னால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். தளத்தை விட்டு வெளியே கட்டிய பணத்துக்குத் தளத்தின் காப்பு கிடையாது. "உங்கள் பொட்டலம் சுங்கத்தில் மாட்டிக்கொண்டது, இந்த ஆள் கணக்கில் பணம் கட்டுங்கள்" என்று தொலைபேசி வந்தாலும் அப்படியே. சுங்க இலாகா தனி ஆள் கணக்கில் வரி வாங்காது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்காமல் உடனே 997-ஐ அழையுங்கள். மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் கைமாறிவிடும். என்னைப் போல ஒன்றரை மாதம் சாமி மாடத்தில் வைத்திருக்காதீர்கள்.

பழைய பொருள் தேடுகிறவர்களுக்கு இன்னொன்று உண்டு. நம்ம வீட்டுச் சாமி மேடைக்குப் பழைய வெண்கலச் சிலை தேடுகிற அன்பர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஆனந்தமங்கலம் என்று ஓர் ஊர். அங்கே இராஜகோபால சுவாமி கோயிலில் விஜயநகரக் காலத்து இராமர், சீதை, இலக்குவன் சிலைகள் 1978-இல் திருடு போயின. நாற்பது ஆண்டு அவை ஊர் திரும்பவில்லை. 2019-இல் பழம்பொருள் வணிகர்களின் இணையப் பக்கம் ஒன்றில் இருந்த படம் இராமர் சிலையைக் காட்டிக்கொடுத்தது. அதைக் கண்டுகொண்டவர்கள் சிங்கப்பூரிலிருந்து செயல்படும் தன்னார்வக் குழுவினர். அந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் விஜயகுமார் என்ற தமிழர். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1958-இல் எடுத்த புகைப்படம் கையில் இருந்தது. ஒப்பிட்டார்கள். அதே சிலை! லண்டனில் அதை வைத்திருந்தவர் திருட்டுப் பொருள் என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கியவர்; விவரம் தெரிந்ததும் கொடுத்துவிட்டார். 2020 செப்டம்பரில் மூன்று சிலைகளும் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. பணமும் போய், சாமியும் போய், அந்த மனிதர் நிலையை எண்ணிப் பாருங்கள். 1972-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டப்படி, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலையைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. ஆகவே, "சோழர் காலத்துச் சிலை, மலிவு விலை" என்று ஒருவன் விற்றால், ஒன்று அது போலி, இல்லையென்றால் ஏதோ ஒரு கிராமத்துக் கோயிலின் வயிற்றெரிச்சல்.

நேரமாகிவிட்டது, மணி அடிக்கத் தலைமையாசிரியர் பார்க்கிறார். ஒன்று சொல்லி முடிக்கிறேன். சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் பேத்தி, "தாத்தா, அதே தட்டு மறுபடியும் வந்திருக்கு" என்று காட்டினாள். இந்த முறை தாளை எடுத்தேன். தபால், வரி எல்லாம் கூட்டி, என் பென்ஷனில் எவ்வளவு தாங்கும் என்று அவளையே கணக்குப் போடச் சொன்னேன். இருபத்தெட்டு பவுண்டு என்று வந்தது. எப்படிப் பொட்டலம் கட்டுவீர்கள் என்று விற்பவருக்கு அவளே எழுதிக் கேட்டாள். அட்டைப் பெட்டியில் என்று பதில் வந்தது. உச்ச விலையை எழுதி வைத்துவிட்டுப் படுத்துத் தூங்கினேன்.

காலையில் எழுந்து பார்த்தோம். வேறு யாரோ முப்பத்தொரு பவுண்டுக்கு எடுத்திருந்தார்கள். பேத்திக்குக் கொஞ்சம் வருத்தம். பசியாறிவிட்டு அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டேன். வரும் வழியில் அந்தப் பாட்டை நானே பாடிக் காட்டினேன். "தாத்தா, சுதி சேரலை" என்றாள்.