உளுத்த மரம்

காலையில் பெருக்கிய இடத்தில், மாலையில் நாற்காலியின் காலடியில் ஒரு சிட்டிகை மாவு கொட்டிக் கிடக்கும். விரலிடையே தேய்த்தால் கோதுமை மாவைப் போல் மிருதுவாக இருக்கும். மரம் உளுத்துவிட்டது என்போம். பலர் இதைக் கறையான் என்று எண்ணி வாயிற்படிக்கு மருந்து தெளிக்கின்றனர். கறையான் மண்ணிலிருந்து மண்பாதை அமைத்து ஏறி வருவது. இதுவோ மரத்துக்குள்ளேயே பிறந்து வளரும் ஒரு சிறு வண்டின் வேலை.

மாணவ நண்பர்களே, இந்த வண்டு உணவில் மிகவும் கண்டிப்பானது. தாய் வண்டு முதலில் மரத்தைச் சற்றே கடித்துச் சுவை பார்க்கிறது. மாவுச்சத்து இருந்தால்தான் மரத்தின் நுண்குழாய்களில் முட்டையிடுகிறது. புழு மாதக்கணக்கில் உள்ளே குடைந்து தின்று, வண்டாகி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத் துளையிட்டு வெளியேறுகிறது. நாம் துளையைக் காணும்போது தின்றவன் போய்விட்டான். அவன் தம்பிமார் உள்ளே இருக்கலாம்!

அந்த மாவுச்சத்து, பட்டையை அடுத்த வெளிறில்தான் உண்டு. உள்ளிருக்கும் வயிரத்தை இவ்வண்டு நாடுவதில்லை. அகத்தே வயிரமுடையதை மரமென்றும், புறத்தே வயிரமுடையதைப் புல்லென்றும் தொல்காப்பியர் பிரித்தார். அக்கணக்கில் மூங்கில் புல்லாகும். கல்வராயன் மலையின் குடிசைகளுக்கு உதவும் மூங்கிலில் வண்டு வெட்டுவாய் வழியாகவும் உட்புறத்திலும் புகுவது இதனால்தான். வெட்டிய மூங்கிலை நீரில் ஊறவைக்கும் பழைய வழக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். சத்துக் கரைந்து போனால் வண்டுக்கு அங்கே என்ன வேலை?

மலையடிவாரத்துக் கள்ளக்குறிச்சிக்கோ இது வீட்டு நாற்காலியோடு நிற்கும் கவலையன்று. அவ்வூர் மரச்சிற்பம் 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. வாகை முதலிய மரங்களில் அங்கே தெய்வ உருவங்கள் செதுக்கப்படுகின்றன. வாகையின் வெளிறு அகலமானது. மரம் வீணாகிறதே என்று அதைக் களையாமல் செதுக்கினால், பல நாள் உழைத்து வடித்த விரலும் மூக்கும் வாங்கியவர் வீட்டில் மாவாய் உதிரும். பழி வண்டின்மேல் விழாது, சிற்பியின்மேல்தான் விழும்.

வார்னிஷ் பூசினால் போதும் என்பதை நான் ஒப்புவதில்லை. அது புதிய முட்டையைத் தடுக்கும். உள்ளிருக்கும் புழுவைக் கொல்லாது. பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த வெந்நீரை வெறும் மரத்தில் பலமுறை தடவி ஊறவிட வேண்டும். இக்கரைசல் மழையில் கரைந்து போகும். ஆகவே வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கே ஏற்றது. சப்பாத்திப் பலகைக்கு வேண்டாம். குழந்தைகள் கைக்கும் எட்டக்கூடாது.

நாடு கடந்து செல்லும் பெட்டி மரங்களை, நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் அரைமணி நேரம் இருக்குமாறு காய்ச்சுகின்றனர். சிற்பமோ சூட்டில் வெடிக்கக்கூடும். அதனால் அருங்காட்சியகங்களில் அதைப் பாலிதீனில் காற்றுப் புகாமல் பொதிந்து, சுழிக்குக் கீழே 20 டிகிரி குளிரில் ஓரிரு வாரம் வைப்பதுண்டு.

உங்கள் வீட்டுத் துளைகள் பழையனவா, புதியனவா என்றறிய, அவற்றை மெழுகால் அடைத்து அடியில் கறுப்புத்தாள் விரித்து வையுங்கள். சில வாரங்களில் தாளில் புதுமாவு விழுந்தால், குடியிருப்பவர் இன்னும் காலி செய்யவில்லை.