எந்த வெல்டிங் பிளாண்ட் வாங்குவது?

ஊர் திரும்பி, கிணறு இறைத்து, கொட்டில் போட்டு, இப்போது தொழிலைப் பற்றி யோசிக்கிறீர்கள். வாழ்வாதார உதவிக்கு 'வெல்டிங் பிளாண்ட்' என்று எழுதித் தந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். இந்த உதவி ஒரு தடவைதான். பிழையானதை வாங்கினால் அது மூலையில்தான் கிடக்கும். நானும் அந்தப் பிழையை விட்டவன். திரும்பி வந்த புதிதில் 300 அம்பியர் பழைய பிளாண்ட் ஒன்றை மலிவு என்று வாங்கினேன். கம்பியை இரும்பில் தொட்டதும் வீட்டு மெயின் சுவிச் விழும். ஐந்து மாதம் தறப்பாளால் மூடி வைத்திருந்தேன்.

ஆகவே கடைக்குப் போகமுதல், உங்களுக்கு என்ன வேலை வரும் என்று பாருங்கள். கேற், யன்னல் கிறில், சைக்கிள் கரியர், உடைந்த கதிரை. இவற்றுக்கு 2.5 மில்லிமீற்றர் கம்பி போதும். அது 60 முதல் 90 அம்பியரில் எரியும். லாண்ட்மாஸ்டர் பெட்டி, கலப்பை போன்ற தடித்த இரும்புக்கு 3.2 மில்லிமீற்றர் கம்பி, 90 முதல் 130 அம்பியர் வேண்டும். உண்மையாக 140 அம்பியர் தருகிற பிளாண்ட் இருந்தால் ஊர்வேலை எல்லாம் செய்யலாம். 'உண்மையாக' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கைப்பெட்டி அளவு சாமானில் 250 என்று ஒட்டியிருப்பார்கள், நம்ப வேண்டாம். ஒரு இரும்புத் துண்டைக் கொண்டுபோய்க் கடையிலேயே மூன்று நான்கு கம்பி தொடர்ந்து எரித்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் ஒட்டலாம் என்பது பிளாண்டின் தகட்டில் வீதமாக இருக்கும். 20 வீதம் என்றால் இரண்டு நிமிடம் வேலை, எட்டு நிமிடம் ஓய்வு.

வகை இரண்டு. பழைய ரான்ஸ்போமர் பிளாண்ட் பாரம், மின்சாரமும் கூட இழுக்கும், ஆனால் பழுதானால் சுருள் சுற்றத் தெரிந்தவர் திருத்துவார். செப்புச் சுருளா அலுமினியமா என்று கேட்டு, பில்லில் எழுதுவியுங்கள். இன்வேர்ட்டர் பிளாண்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகலாம், மின்சாரமும் குறைவு. ஆனால் கிறைண்டர் தூள் உள்ளே போனால் போர்ட் எரியும், திருத்த ஆள் கிடைப்பது கஷ்டம். வீடு வீடாகப் போய் வேலை செய்பவருக்கு இன்வேர்ட்டரைத்தான் சொல்வேன்.

வீட்டு இணைப்பு 30 அம்பியர் என்றால் 2.5 கம்பிக்குச் சமாளிக்கும், ஆனால் தடித்த வயரில் தனி லைன் இழுக்க வேண்டும். லைனின் கடைசி வீடு என்றால் பின்னேரத்தில் வோல்ற்று குறையும், கம்பி ஒட்டிப்பிடிக்கும். காலையில் வேலை செய்யுங்கள். மின்சாரம் இன்னும் வராத இடத்தில் 2 கே.வி.ஏ. ஜெனரேற்றரை நம்பிப் பிளாண்ட் வாங்க வேண்டாம். 5 கே.வி.ஏ. ஆவது வேண்டும். அதன் எண்ணெய்ச் செலவையும் கணக்குப் பாருங்கள்.

கறுப்புக் கண்ணாடி, தோல் கையுறை இரண்டுக்கும் பணத்தை முதலே ஒதுக்குங்கள். வெளிச்சத்தைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு இரவில் கண்ணில் மண் கொட்டியதுபோல் இருக்கும், அவர்களைத் தூர விடுங்கள். கிடுகுக் கொட்டிலுக்குள் ஒட்ட வேண்டாம். ஒரு பொறி போதும்.

இனி, காணி துப்புரவாக்கும்போது அகப்படும் இரும்பு. குழாய்போல, போத்தல்போல இருக்கிற எதையும் தொடாதீர்கள், பட்டறைக்கு எடுத்துவராதீர்கள், யார் கொண்டுவந்து வெட்டித் தரச் சொன்னாலும் முடியாது என்று சொல்லுங்கள். கிடந்த இடத்திலேயே விட்டு, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். வெறும் பெற்றோல் பரலும் அப்படித்தான். உள்ளே எண்ணெய் இல்லாவிட்டாலும் ஆவி நிற்கும், சூடு பட்டால் வெடிக்கும்.

பிளாண்ட் கேட்டு எழுதியவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது மின்சாரப் பில்லையும் கொண்டுவாருங்கள். உங்கள் இணைப்பு எத்தனை அம்பியர் என்று பார்த்த பிறகு கடைக்குப் போவோம்.